ஃபால்ஸ் சீலிங் போடுவதற்கு முன் மேலே பாருங்கள்

பெரிய பள்ளிக்கூடம் கட்ட நினைக்கும் தாளாளர்கள் இரும்புத் தளத்தைப் பற்றி என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “ஜூனுக்குள் முடிந்துவிடுமா சார்?” என்பதுதான்.

திட்டமிட்டால் முடியும். இங்கே அஸ்திவார வேலை நடக்கும்போதே பட்டறையில் பீம்கள் தயாராகிவிடும். அவற்றை ஏற்றி, டெக் ஷீட் எனும் நெளிவுள்ள இரும்புத் தகட்டை விரித்து, கம்பி வலை வைத்துக் கான்கிரீட் போடலாம். சென்ட்ரிங் பலகையும் முட்டும் பெரும்பாலும் வேண்டியதில்லை. நடுத்தூண் இல்லாத அகலமான கலையரங்கமும் கிடைக்கும். நான் இந்த முறைக்கு ஆதரவாளன்தான்.

ஆனால் பட்ஜெட் இடிக்கும்போது முதலில் வெட்டப்படுவது தீத்தடுப்புப் பூச்சு. “இரும்பு எரியாதே, அதற்கு எதற்கு இவ்வளவு செலவு?” என்பார்கள். எரியாதுதான். ஆனால் 550 டிகிரி செல்சியஸ் வாக்கில் அதன் வலிமை ஏறக்குறையப் பாதியாகிவிடும். தீ மூண்ட அறையில் அந்தச் சூடு சில நிமிடங்களிலேயே வந்துவிடும். கனமான பீமைவிட, ஆங்கிளும் கம்பியும் பற்றவைத்துச் செய்த ஜாயிஸ்ட் எனும் லேசான விட்டம் இன்னும் சீக்கிரம் சூடேறும். பூச்சு நமக்கு வாங்கித் தருவது நேரம். மூன்றாவது மாடியில் இருக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படியிறங்கி வெளியே வருவதற்கான நேரம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். கீற்றுக் கூரை போய்விட்டது, இனிக் கவலையில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சாதாரண பெயிண்ட் அடித்துவிட்டுத் தீத்தடுப்பு என்று பில் போட்டால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பூச்சின் தடிமனை மீட்டர் வைத்து உங்கள் கண்ணெதிரே அளந்து காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது ஸ்டட். டெக் ஷீட்டுக்கு மேலே காளான் போலத் தலை தடித்து நிற்கும் இரும்புக் குமிழ்கள் இவை; பெரும்பாலும் 19 மில்லிமீட்டர் தடிமன். பீமையும் கான்கிரீட்டையும் சேர்ந்து பாரம் தாங்க வைப்பவை இவைதான். மழையில் நனைந்த ஷீட்டின் மேல் வெல்டிங் வைத்தால் சரியாகப் பிடிக்காது. சுத்தியலால் தட்டினால் நல்ல ஸ்டட் கணீரென்று ஒலிக்கும்; சத்தம் மந்தமாக வந்தால் சந்தேகப்படுங்கள். அதை அடித்து வளைத்தாலும் அடியில் வெல்டிங் விரிசல் விடக் கூடாது. கான்கிரீட் போட்ட பிறகு இதையெல்லாம் பார்க்க வழியில்லை.

கான்கிரீட் போடும் நாளில் பம்ப் குழாயை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. 30 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குவிந்தாலே சதுர மீட்டருக்குச் சுமார் 750 கிலோ. இறுகாத கான்கிரீட்டையும் ஆட்களையும் அப்போது தாங்குவது ஒரு மில்லிமீட்டர் வாக்கிலான தகடு மட்டுமே.

“இரும்பாலை நம்ம ஊரிலேயே இருக்கிறதே, மெட்டீரியலுக்கு என்ன கவலை?” என்று சிலர் கேட்பதுண்டு. சேலம் இரும்பாலையில் தயாராவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நம் ஐ பீம் வெளியூர் ஆலையிலிருந்து வருவது. சோதனைச் சான்றிதழில் உள்ள ஹீட் நம்பரும் (ஆலையில் எந்த உருக்கில் வந்த இரும்பு என்று காட்டும் எண்) பீமில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

ஏற்காட்டில் கட்டுவதாக இருந்தால் இன்னொரு சங்கதி. 12 மீட்டர் பீமை ஏற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பது லேசில்லை. அதனால் துண்டாகக் கொண்டுபோய் மேலே இணைப்பார்கள். எந்த இடத்தில் இணைப்பது, எத்தனை போல்ட் என்பது வரைபடத்திலேயே இருக்க வேண்டும். பனிமூட்டத்தில் வெல்டர் முடிவு செய்கிற காரியம் அல்ல அது. அங்குள்ள ஈரத்துக்கு டெக் ஷீட்டின் துத்தநாகப் பூச்சும் கனமாக இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக முடிந்த பிறகு, ஏசி பைப் போட வருபவர் குறுக்கே நிற்கும் ஜாயிஸ்ட் கம்பியை அறுத்துவிட்டுப் போவதும் நடக்கும். சீலிங் மூடுவதற்கு முன் ஒவ்வொரு அறையின் மேற்புறத்தையும் போட்டோ எடுத்து, வரைபடத்தோடு பள்ளி அலுவலகத்தில் வையுங்கள். சீலிங்கில் ஆங்காங்கே திறந்து பார்க்கக்கூடிய பலகைகளும் கேளுங்கள். எந்த வேலைக்காரர் மேலே ஏறினாலும், இறங்கியதும் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட வேண்டும்.