மிஹ்ரிமா 'சுல்தான்': பெண் பெயருக்குப் பின் வரும் பட்டம்

சுல்தான் என்றால் அரசன் என்றே எழுதிப் பழகிவிட்டோம். அதனால் துருக்கியரின் ஒட்டோமான் பேரரசு வரலாற்றில் 'மிஹ்ரிமா சுல்தான்' என்ற பெயரைக் கண்டால் ஆண் என்று நினைக்கிறோம். பெண் என்று தெரிந்ததும் 'சுல்தானா' என்று திருத்துகிறோம். அந்தத் திருத்தம் வேண்டாம். இஸ்தான்புல் அரண்மனையில் அப்படி யாரும் அவரை அழைக்கவில்லை.

அரபியில் இச்சொல்லின் முதற்பொருள் அதிகாரம், ஆட்சி வலிமை. அதை உடையவரைக் குறித்தது பிறகுதான். துருக்கி மொழி பெயர்ச்சொல்லில் ஆண்பால் பெண்பால் பார்ப்பதில்லை. எனவே இடத்தை வைத்தே பிரித்தார்கள்: ஆணுக்கு முன்னால், சுல்தான் சுலைமான், பெண்ணுக்குப் பின்னால், மிஹ்ரிமா சுல்தான். அதற்கு முன் அரச குலப் பெண்களுக்கு வழங்கிய பட்டம் 'ஹாத்தூன்'. 16ஆம் நூற்றாண்டில் அந்த இடத்துக்குச் 'சுல்தான்' வந்தது. ஆளும் உரிமை அரசன் ஒருவனுடையது அன்று, குலத்துக்கே உரியது என்ற எண்ணம் இந்த மாற்றத்தில் தெரிகிறது.

பட்டம் பெயரளவில் நிற்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுலைமானின் தங்கை ஷா சுல்தானின் கணவர் லுத்ஃபி பாஷா பேரரசின் தலைமை அமைச்சர். 1541இல் கணவன் மனைவி இருவருக்கும் சச்சரவு முற்றியது. மனைவியை அடிக்க லுத்ஃபி கை ஓங்கினார் என்பார்கள். மணமுறிவோடு அவருடைய பதவியும் போயிற்று. சுலைமானின் மகள் மிஹ்ரிமா 1539இல் ருஸ்தம் பாஷாவை மணந்தார்; ஐந்தே ஆண்டில் ருஸ்தம் தலைமை அமைச்சர். 1548இல் போலந்தின் புதிய அரசர் இரண்டாம் சிகிஸ்மண்டுக்கு மிஹ்ரிமா தம் பெயரிலேயே கடிதம் எழுதினார். லுத்ஃபி, ருஸ்தம் போல அரச குலப் பெண்களை மணந்தவர்களுக்குத் 'தாமாத்' என்று பெயர். பாரசீகச் சொல், மருமகன் என்பதே பொருள். மனைவி வழி வந்த உறவுதான் அவர்களுக்குப் பட்டமாயிற்று.

தமிழில் என்ன சொல்லலாம்? 'அரசி' பொருந்தாது, அது அரசன் மனைவியையே நினைவூட்டும். 'இளவரசி'யில் இளமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிஹ்ரிமா 1578இல் இறந்தபோது ஐம்பதைக் கடந்தவர். என் தேர்வு 'கோமகள்'. வயதைச் சொல்லாமல் பிறந்த குலத்தைச் சொல்கிறது. மணமாகியும் தந்தை குலத்தவராகவே வாழ்ந்த இந்தப் பெண்களுக்கு அதுவே சரி. அரசனைப் பெற்ற 'வாலிதே சுல்தான்' அந்தக் குலத்தில் பிறந்தவர் அல்லர். அவரை 'அரசத்தாய்' எனலாம்.

பெயரோடு சேர்த்து எழுதும்போது மட்டும் 'சுல்தான்' அப்படியே இருக்கட்டும். 'மிஹ்ரிமா சுல்தான் எழுதினார்' என்ற தொடரில், ஆண் பெண் இருவருக்கும் பொதுவான நம் 'ஆர்' ஈறு எந்த இடறலும் இல்லாமல் அதை ஏற்றுக்கொள்கிறது.