‘உள்ளடக்கக் கூறு’: தக்காளிக்கா, பத்திரத்துக்கா?

மதுரை ஒத்தக்கடையில் பத்திரம் எழுதும் நண்பர் ஒருவரின் கடைக்கு அண்மையில் ஒரு புது மென்பொருள் வந்து இறங்கியது. கிரயப் பத்திரம், கடை வாடகை ஒப்பந்தம், பவர் பத்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே அமைத்த டெம்ப்ளேட் இருக்கும். பெயர், சர்வே எண், தொகை இவற்றை நிரப்பினால் ஆவணம் தானாகத் தயாராகிவிடும். திரை முழுக்கத் தமிழ், அதில் அவருக்குப் பெருமையும்கூட. அங்கே தட்டச்சு செய்யும் பெண் பத்து நிமிடம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சார், ‘மறுபயன்பாட்டு உள்ளடக்கக் கூறைச் செருகவும்’னு கேக்குது. நாங்க என்ன தக்காளியா விக்கிறோம்?”

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு எரிச்சல்தான் மிஞ்சியது. மொழிபெயர்ப்பை வைத்துப் பிழைக்கிறவன் நான். இந்த ‘உள்ளடக்கக் கூறு’ என் கண்ணில் படுவது இது முதல் தடவை அல்ல. கையேட்டில், பயிற்சிக் காணொளியில், விலைப்புள்ளியில்கூடப் பார்த்தாயிற்று. இனியும் சும்மா இருந்தால் அகராதியில் ஏறி உட்கார்ந்துவிடும்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். கிரயப் பத்திரத்தில் ஒரு இடம் வரும்: சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் தெரியவந்தால் என் சொந்தச் செலவில் நானே முன்னின்று தீர்த்துக் கொடுக்கிறேன் என்று விற்பவர் உறுதி சொல்லும் இடம். ஆள் மாறும், ஊர் மாறும், இந்த வாக்கியம் மாறாது. அதை ஒவ்வொரு டெம்ப்ளேட்டிலும் தனித்தனியாக அடித்து வைக்காமல் ஒரே இடத்தில் சேமித்து, வேண்டிய டெம்ப்ளேட்டெல்லாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்வதுதான் சங்கதி. லாபம் என்னவென்றால், ஒரு இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, வாடகை ஒப்பந்தங்களில் ‘சேவை வரி’ என்று இருந்த வரியை நண்பர் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து மாற்றினார். இரண்டு கோப்பில் விட்டுப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தத் தலைவலிக்கான மருந்து இது. வேர்டிலும் 2007 பதிப்பிலிருந்து ‘பில்டிங் பிளாக்ஸ்’ என்று ஒன்று உண்டு. ஆனால் அது செருகும்போது நகலைத்தான் போடும். மூலத்தைத் திருத்தினாலும் ஏற்கனவே செருகிய இடம் அப்படியே கிடக்கும். நான் சொல்வது நகல் அல்ல, மூலத்தையே சுட்டி நிற்பது. இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

ஆங்கிலத்தில் இதற்குக் ‘காம்போனென்ட்’ என்கிறார்கள். லத்தீனில் ‘சேர்த்து வை’ என்ற வினையிலிருந்து வந்தது. சேர்த்துக் கட்டுவதற்கு உதவும் பொருள், அவ்வளவுதான்.

சரி, தமிழில் கூறு என்றால் என்ன? பிரித்ததில் ஒரு பங்கு. சந்தையில் தக்காளியைக் கொட்டிக் கூறு கட்டி வைத்திருப்பார்கள், ஒரு கூறு இவ்வளவு ரூபாய் என்று. கருப்பனுக்குக் கிடாய் வெட்டினால் கறியைத் தலைக்கட்டு வாரியாகக் கூறு போடுவார்கள். பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் மிழலைக் கூற்றம், முத்தூற்றுக் கூற்றம் என்று வருகிறதே, அதுவும் நாட்டைப் பிரித்த பிரிவுதான். சிவனை மாதொரு கூறன் என்பதும் உடம்பில் பாதியைப் பிரித்துக் கொடுத்ததால். எங்கே போனாலும் இந்தச் சொல்லுக்குள் ஒரு கத்தி இருக்கிறது. சேர்த்து வைப்பதற்கு வந்த சொல்லை வெட்டிப் பிரிக்கும் சொல்லால் பெயர்த்திருக்கிறார்கள், திசையே தலைகீழ்.

அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. கறிக்கூறை ஒருவர் வாங்கிப் போனால் அந்தக் கூறு அங்கே இல்லை. அடுத்தவருக்கு வேறு கூறு. கொடுக்கக் கொடுக்கக் குறைந்து, கடைசியில் வாழை இலைதான் மிச்சம். நம் வில்லங்க வாக்கியமோ ஆயிரம் பத்திரத்துக்குப் போனாலும் இருந்த இடத்தில் இருந்தபடி இருக்கிறது. இந்தப் பொருளின் உயிரே அந்தக் குறையாத தன்மைதான். ‘கூறு’ சரியாக அதைத்தான் கொன்றுபோடுகிறது.

‘ஆக்கக்கூறு என்று அறிவியலில் சொல்கிறோமே’ என்பார்கள். சொல்கிறோம், சரிதான். ஒரு பொருளைப் பகுத்துப் பார்த்து இன்னின்ன இருக்கிறது என்று எண்ணும்போது கூறு பொருந்தும். மருந்தின் கூறுகள், மண்ணின் கூறுகள், நல்ல தமிழ். இங்கே யாரும் எதையும் பகுக்கவில்லையே. போதாக்குறைக்கு, பத்திரத்துக்குள்ளேயே ‘உறுதி கூறுகிறேன்’ என்று இன்னொரு கூறு வருகிறது. எங்கள் பக்கம் ‘கூறுகெட்ட பய’ என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அதை யாருக்குச் சொல்லலாம் என்று நான் எழுதப்போவதில்லை.

முன்னால் ஒட்டியிருக்கும் இரண்டு சொல்லையும் விடுவதாக இல்லை. ‘மறுபயன்பாடு’ என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது மஞ்சள் துணிப்பையும் காலிப் பாட்டிலும்தான். ஒருமுறை பயன்பட்டுத் தேய்ந்ததை மறுபடி எடுப்பது அது. ‘உள்ளடக்கம்’ புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் பட்டியல். மூன்றையும் கோத்தால் ஒரு பெட்டிச் சரக்கு மாதிரி கனக்கிறது, தூக்கினால் உள்ளே ஒன்றுமில்லை. இப்படிக் கோப்பவர்கள் பொருளைப் பார்ப்பதில்லை. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று எதிரெதிரே வைத்துக் கோடு போடுகிறார்கள். ஆவணம்தோறும் மாறாமல் வரும் வாசகத்துக்கு ஆங்கிலத்தில் ‘பாய்லர்பிளேட்’ என்றும் ஒரு பெயர் உண்டு. இவர்களில் ஒருவர்தான் அதைக் ‘கொதிகலன் தகடு’ என்று எழுதி அனுப்பினார். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிற்றூர்ப் பத்திரிகைகளுக்கு, அப்படியே அச்சிடத் தோதாக, செய்தியை உலோகத் தகட்டில் வார்த்து அனுப்பினார்கள். பார்க்கக் கொதிகலன் தகடு மாதிரி இருந்ததால் கிண்டலாக வந்த பெயர் என்பார்கள். அந்தக் கிண்டல் தெரியாமல் தகட்டை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் ஒத்தக்கடையில் யாருக்குப் புரியும்?

இத்தனைக்கும் இந்தப் பொருள் நமக்குப் புதிதே அல்ல. முதலாம் இராசராசன் காலத்திலிருந்து, கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தியைப் பாருங்கள். ‘திருமகள் போல’ என்று தொடங்கி ஊர் ஊராக ஒரே வாசகம், அதன்பின் அந்தந்த ஊர்ச் செய்தி. மாறவர்மன் சுந்தர பாண்டியனுக்குப் ‘பூமருவிய திருமடந்தையும்’ என்று. முடிவில் சந்திராதித்தவரை, அதாவது சந்திர சூரியர் உள்ளவரை, என்று ஒரு தொடர். பிற்காலச் சாசனங்களில், இந்தத் தருமத்தை அழித்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று ஒரு சாபம். ஒவ்வொரு கொடைக்கும் புதுச் சாபம் யாரும் யோசிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் ‘நிகழும் மங்களகரமான’ என்பதற்குப் பிறகு வருடத்தையும் தேதியையும் நிரப்புகிறோமே, அதுவும் இதே சங்கதிதான்.

பத்திரம் எழுதுகிறவர்கள் இதை என்ன சொல்கிறார்கள் என்று மொழிபெயர்ப்பாளர் ஒரு டீ குடித்துக்கொண்டே கேட்டிருக்கலாம். ‘அந்த வில்லங்க வாசகத்தைப் போடு’ என்பார்கள். வாசகம்! வடமொழி வேர் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் ஒத்தக்கடையிலிருந்து அதிக தூரமில்லை. வாசகத்தை அங்கிருந்து யாரும் வெளியேற்றவில்லை, நானும் செய்வதாக இல்லை. கிரயம், செக்குபந்தி, ஷரத்து எல்லாம் புழங்கும் கடையில் தூய்மை பேசுவதைவிடத் தெளிவு பேசுவது மேல்.

வெறும் வாசகம் என்றால் எல்லா எழுத்தையும் குறிக்கும், ஆகவே முன்னால் ஒன்று வேண்டும். ‘நிலைவாசகம்’ என்கிறேன். நிலைக்கதவு, நிலைக்கண்ணாடி என்று நிற்பவற்றுக்கெல்லாம் நிலை வருகிறது. சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றிவந்து நிலைக்கு வந்தது என்கிறோம். அது நிற்பதற்கென்று ஓர் இடம் உண்டு, அந்த இடம் மாறாது. இந்த வாசகத்துக்கும் அப்படி ஓர் இடம் உண்டு, மற்றதெல்லாம் அங்கே சுட்டி நிற்கின்றன. நகல் வேறு, இது வேறு என்று மேலே சொன்னேனே, அந்த வேறுபாட்டையும் ‘நிலை’ தாங்கும்.

கையொப்பக் கட்டம், தவணை அட்டவணை, கடையின் முத்திரைப் படம் இவையும் இப்படிச் சேமிக்கப்படுகின்றனவே, அவை வாசகமா என்று கேட்டால், இல்லை. அங்கே ‘நிலைப்பகுதி’ என்று வைத்துக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். பட்டனிலும் ‘செருகவும்’ வேண்டாம், ‘சேர்’ போதும்.

அப்புறம் இதையெல்லாம் சுருக்கி அந்த மென்பொருள்காரர்களுக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. சொல் நன்றாக இருக்கிறதாம், மாற்றத்தான் வழியில்லையாம்: ‘கூறு’ என்ற சொல்லை ஒவ்வொரு திரையிலும் தனித்தனியாக அடித்து வைத்திருக்கிறார்கள்.