முதலில் கண்ணில் படும் நகர்வு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சதுரங்கத்தில் வெள்ளையின் முதல் நகர்வுக்கும் 20 வழிகள்தாம்; கறுப்பும் ஒருமுறை ஆடிவிட்டால் 400 நிலைகள் பிறந்துவிடுகின்றன. அத்தனையையும் எவரும் கணக்கிடுவதில்லை. பழகிய பேருந்து ஓட்டுநருக்கு வளைவைப் பார்த்ததுமே கியர் கைக்கு வந்துவிடுவதுபோல், தேர்ந்த ஆட்டக்காரருக்கு நல்ல நகர்வு கண்ணில் பட்டுவிடுகிறது.

1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் இதைச் சோதித்தனர். உண்மையான ஆட்டத்தின் இடைநிலை ஒன்றை 5 நொடி மட்டும் காட்டி மறைத்தபின், மாஸ்டர் நிலையிலுள்ள தேர்ந்த ஆட்டக்காரர் நினைவிலிருந்தே ஏறக்குறைய 16 காய்களைச் சரியான கட்டங்களில் வைத்தார். புதியவரால் 4 காய்களையே வைக்க முடிந்தது. காய்களைத் தாறுமாறாகக் கலைத்துக் காட்டியதும் மாஸ்டரின் மேன்மை ஏறத்தாழ மறைந்தது. கோட்டை கட்டிய ராஜா, அருகில் யானை, முன்னால் மூன்று சிப்பாய்கள் என்னும் ஐந்தையும் ஒரே உருவமாகக் காணும் பழக்கமே அவருடைய பலம்.

ஆனால், மழைநாளில் பாறை உருண்டு கிடக்கும் வளைவில் பழகிய கை மட்டும் போதாது. 2008இல் பிலாலிச், மெக்லியட், கோபே ஆகிய ஆய்வாளர்கள், எல்லோரும் அறிந்த வழியில் செக்மேட் வைக்கக்கூடிய, ஆனால் அதைவிடக் குறுகிய வழியும் ஒளிந்திருந்த ஒரு நிலையைத் திறமையான ஆட்டக்காரர்களிடம் கொடுத்தனர். வேறு வழி தேடுவதாக அவர்கள் மனமாரச் சொன்னார்கள். கண்ணசைவைப் பதிவு செய்த கருவியோ, பார்வை முதல் வழிக்குரிய கட்டங்களுக்கே திரும்பத் திரும்பச் சென்றதைக் காட்டியது. பயிற்சியில் நாம் மிகுதியாகக் கவலைப்பட வேண்டிய இடம் இதுவே என்று கருதுகிறேன்; ஏனெனில், தேடலை நிறுத்திவிட்டோம் என்பது ஆடுபவருக்கே தெரிவதில்லை.

2004இல் மிச்செல் கௌலி, ரூத் பைர்ன் செய்த ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. வலிமையானவர்கள் தம் திட்டத்தை உடைக்கும் பதில் நகர்வையே தேடினார்கள்; மற்றவர்களோ தமக்குச் சாதகமான பதிலை எதிராளி ஆடுவதாகக் கற்பனை செய்தார்கள்.

சேலத்தில் விடுமுறை நாளில் பலகை விரிக்கும் பிள்ளைகளுக்கு இதைப் பழக்குவது கடினமன்று. காயைத் தொடுமுன் மூன்று நகர்வுகளை மனத்தில் குறிக்கட்டும். பிடித்த நகர்வுக்கு எதிராளி தரக்கூடிய செக், வெட்டு, மிரட்டல் ஆகியவற்றை எதிராளியின் பக்கமிருந்தே பார்க்கட்டும். தோற்ற ஆட்டத்தைக் கணினியிடம் கொடுப்பதற்கு முன், எந்த நகர்வில் வேறு வழி தேடுவதை நிறுத்தினோம் என்று தாமே குறித்து வைக்கட்டும்.