கழுத்தடிபட்டுக் கை விழுந்தவருக்கு 'கரண்ட்' சிகிச்சை: எங்கே கிடைக்கும், எங்கே அலையவிடுவார்கள்

தமிழ்நாட்டில் மின்தூண்டல் சிகிச்சைக்கென்று தனித் திட்டம் கிடையாது. விபத்திலோ, மரத்திலிருந்து விழுந்தோ கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுக் கை செயலிழந்தவர்கள், நாம் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும், தோலில் பட்டை ஒட்டி மின்சாரத்தால் தசையை அசைக்கும் இந்தச் சிகிச்சையை நாலைந்து திட்டங்களின் சந்துகளில் தேடித்தான் எடுக்க வேண்டும். அதற்கு டாக்டர் வாயால் சொல்வது உதவாது. எழுதி வாங்கிய தாள்தான் வேலை செய்யும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பிசியோதெரபி தொடரவும்' என்று ஒரே வரியில் முடித்து அனுப்புவார்கள். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். தண்டுவடத்தில் எந்த மட்டத்தில் அடி (சி5, சி6 என்று கழுத்து மட்டத்தின் எண்ணோடு), முழுப் பாதிப்பா பகுதிப் பாதிப்பா, கையில் எந்த அசைவு மிச்சம் இருக்கிறது, மின்தூண்டல் வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை மாதம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இந்த விவரம் இல்லாமல் போனால் எலும்புப் பிரிவு நரம்பியலுக்கு அனுப்பும், நரம்பியல் பிசியோவுக்கு அனுப்பும், பிசியோ "சீட்டு எங்கே" என்று திருப்பி அனுப்பும். கை அசையாத மனிதரை ஒரு சீட்டுக்காக மூன்று கட்டடம் சுற்ற வைப்பதில் யாருக்கும் கூச்சம் இல்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவில் கட்டணம் இல்லை. சென்னையில் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே பிசியோ வருவார். அவரிடம் பெரும்பாலும் உடற்பயிற்சியைத்தான் எதிர்பார்க்கலாம்.

காப்பீட்டு அட்டையை நம்பித்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அது படுக்கையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கான திட்டம். தினம் போய்த் திரும்பும் பிசியோவின் பில்லை அதில் காட்ட முடியாது. 'இன்னுயிர் காப்போம்' திட்டமோ சாலை விபத்தின் முதல் 48 மணி நேரத்துக்கு மட்டும்.

தனியார் மையத்தில் பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: "தசைக்குப் போகும் நரம்பு உயிரோடு இருக்கிறதா?" அது செத்திருந்தால் சாதாரண மின்தூண்டலால் கை திரும்பாது. 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த 'ஆர்க்-இஎக்ஸ்' கருவியைக் காட்டி ஆசை மூட்டுபவர்கள் இருக்கலாம். அது கழுத்துப் பின்புறத் தோல் வழியாகத் தண்டுவடத்தையே தூண்டும் கருவி, அதுவும் பகுதிப் பாதிப்பு உள்ளவர்களுக்கு. மையத்தின் மேசைமேல் இருக்கும் சின்னப் பெட்டி அது அல்ல. இன்னொன்று, உணர்ச்சியற்ற தோலில் கரண்ட் சுட்டாலும் தெரியாது. ஒவ்வொரு முறையும் பட்டை ஒட்டிய இடத்தைக் கூட இருப்பவர் பார்த்தே தீர வேண்டும்.

அடுத்தது மாற்றுத்திறனாளி சான்று. என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத அநியாயம் இங்கேதான் நடக்கிறது. கழுத்தடியில் சிலருக்குக் கால் ஓரளவு தேறிவிடும், கைதான் தேறாது. அவர் சான்று தரும் முகாமுக்கு நடந்து வந்தால், "நல்லாத்தானே நடக்கிறீங்க?" என்று சதவீதத்தைக் குறைத்துவிடுகிறார்கள். சட்டைப் பொத்தான் போட முடியாது, சோற்றைப் பிசைய முடியாது. அதை யாரும் பார்ப்பதில்லை. மத்திய அரசின் மதிப்பீட்டு விதிகளில் கையின் பலமும் விரல்பிடிப்பும் தனித்தனியாக அளக்கப்பட வேண்டும். "கையை அளந்து எழுதுங்க சார்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். 40 சதவீதம் இல்லையென்றால் பெரும்பாலான சலுகைகள் இல்லை. 'கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்' பிரிவில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை வாங்க 75 வேண்டும். அந்தத் தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும், தாலுகா ஆபீசுக்கு அல்ல. தாலுகாவில் தரும் ஓய்வூதியத்தையும் இதையும் சேர்த்து வாங்க முடியாது.

யூ.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பம் போட்டால் 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024-இல் திருத்தப்பட்ட விதி. அவர்கள் 2 ஆண்டு தூங்கினால் விண்ணப்பம் தானாகச் செயலிழந்துவிடும், மறுபடி முதலிலிருந்து போடவோ, அவர்களிடமே போய் அதை உயிர்ப்பிக்கக் கேட்கவோ வேண்டியது நீங்கள்தான். தாமதம் அவர்களுடையது, தண்டனை நமக்கு. அதனால் விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வைத்து, மூன்றாம் மாதமே எழுத்தில் கேளுங்கள்.

சாலை விபத்தாக இருந்தால் நீண்டகால கரண்ட் சிகிச்சைக்கான பணம் உண்மையில் வர வேண்டியது இழப்பீட்டு வழக்கிலிருந்து. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கை தேறட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இனி ஆகப்போகும் பிசியோ செலவையும் கேட்கலாம். ஆனால் முன்னே சொன்ன டாக்டரின் எழுத்தும், ஒவ்வொரு பில்லும் இல்லையென்றால் காப்பீட்டு நிறுவன வக்கீல் ஒரு நிமிடத்தில் தள்ளிவிடுவார். சான்றில் உள்ள சதவீதமே வருமான இழப்பு அல்ல என்று 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தையற்காரருக்கு இரண்டு கையும் போனால் சான்றில் எத்தனை இருந்தாலும் பிழைப்பு முழுதும் போனதுதான். இதை உங்கள் வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள்.

சமரசமாக வழக்கை முடிக்கும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) "இன்னைக்கே செக் வாங்கிக்கலாம்" என்பார்கள். அங்கே கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது. கை எவ்வளவு தேறும் என்று டாக்டர் எழுதித் தரும்வரை போடாதீர்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம்.