ப்ளெனேர்: வெட்டவெளியா, திறந்தவெளியா?

ஓவியக் குறிப்புகளில் 'பிளெய்ன் ஏர்' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். எழுத்தைப் பார்த்துப் பலரும் அப்படிச் சொல்கிறார்கள். இது பிரெஞ்சுச் சொல். 'ப்ளெனேர்' என்பது ஓரளவு நெருங்கிய உச்சரிப்பு. காட்சிக்கு எதிரிலேயே உட்கார்ந்து வெளியில் வரைவது என்று பொருள்.

'ப்ளென்' என்றால் நிறைந்த, 'ஏர்' என்றால் காற்று. அதற்காக 'நிறைகாற்று ஓவியம்' என்று பெயர்த்தால் சைக்கிள் டியூப் ஞாபகம்தான் வரும். பட்டப்பகல், நடுக்கடல் என்று நாம் சொல்லும் இடங்களிலும் பிரெஞ்சுக்காரர்கள் இதே 'ப்ளென்'னைத்தான் போடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் நேர் இணை 'வெட்டவெளி'. ஆனால் மரத்தடியில் உட்கார்ந்து வரைவதை வெட்டவெளி என்போமா? அதனால் என் ஓட்டு 'திறந்தவெளி ஓவியம்' என்பதற்கே. 'நிலக்காட்சி ஓவியம்' வேறு: அது எதை வரைகிறோம் என்பதைச் சொல்கிறது, இது எங்கிருந்து என்பதை. அறைக்குள் புகைப்படம் பார்த்து வரைந்த வயல், நிலக்காட்சிதான். திறந்தவெளி ஓவியம் ஆகாது.

வெளியில் வரையும் பழக்கம் பழையது. 1800இல் வெளியான தன் நூலில் வலென்சியென் என்ற பிரெஞ்சு ஓவியர், வெளியில் ஒரு பயிற்சி ஓவியத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது, உதயமோ அஸ்தமனமோ என்றால் அரை மணிதான் என்கிறார். அதற்குள் வெளிச்சம் மாறிவிடும். அப்போது எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டித் தூக்கிப் போக வேண்டும். 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வண்ணம் அடைக்கும் தகர டியூபுக்குக் காப்புரிமை பெற்றார். அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது எளிதாயிற்று. மோனே, ரென்வார், பிசாரோ முதலிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்கள் எல்லாம் இந்த டியூப் காலத்துப் பிள்ளைகள்.

அந்த இரண்டு மணி நேரக் கெடுதான் வாத்தியார். இலை இலையாக எண்ணிக்கொண்டிருக்க முடியாது. எதை விடுவது என்று உடனே முடிவெடுத்தாக வேண்டும். நிழல் கறுப்பு என்று அறைக்குள் நம்பியிருந்தவர், வெயிலில் அதைப் பார்த்தால் நீலம் பாய்ந்திருப்பதைக் காண்பார். சூரியன் படாத இடத்திலும் வானத்தின் வெளிச்சம் விழுகிறதே! மோனே வைக்கோல்போர்களை வரைந்தபோது பல கித்தான்களை (படம் வரையும் துணிகளை) அருகில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாறக் கித்தானையும் மாற்றினார்.

காற்று சும்மா விடுமா? 1870இல் பிரான்சின் த்ருவீல் கடற்கரையில் மோனே வரைந்த படத்தின் வண்ணத்தில் மணல் ஒட்டியிருக்கிறது. வான்கோவின் ஆலிவ் மரங்கள் படம் ஒன்றில், 2017இல், ஒரு வெட்டுக்கிளியின் மிச்சத்தையே கண்டெடுத்தார்கள்.