மேம்படுத்தியதா, பெருக்கியதா?

போன மாதம் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு பொது மண்டபத்துச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை நின்று வாசித்தேன். ‘நனோபொருள் மேம்படுத்தப்பட்ட நிறமாலையியல் மூலம் நீரிலுள்ள இயற்கை மாசுக்களைக் கண்டறிதல்: விளக்கக் கூட்டம்.’ பக்கத்தில் நின்ற ஐயாவுக்கு எழுபது வயது இருக்கும். அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “தம்பி, இதுக்குப் போனா கிணத்துத் தண்ணிய மேம்படுத்தித் தருவாங்களோ?” என்று கேட்டார். அவரில் பிழையில்லை. அந்த வசனத்தில் எது எதை மேம்படுத்துகிறது என்று அறிய, மனதுக்குள் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு ஆங்கிலத்திலேயே ஒட்டியிருக்கலாமே.

இந்த மாதிரிச் சொற்றொடர்களில் இதே ‘மேம்படுத்தப்பட்ட’வை எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். இன்று எழுதியே தீர்வது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் அங்கே இருப்பது ‘என்ஹான்ஸ்ட்’. உயர்ந்த என்று பொருள்படும் ‘அல்தஸ்’ என்ற இலத்தீன் சொல்லடியாகப் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. உயர்த்து என்பதே ஆதிப் பொருள். நம்முடைய மேம்படுவும் மேல் என்பதிலிருந்து வந்ததுதான். அதாவது வேரைப் பார்த்தால் மொழிபெயர்ப்பாளர் சொன்னது சரி. வழக்கைப் பார்த்தால்தான் பிழை. வீதி மேம்பாடு, கல்வி மேம்பாடு என்று சொல்லும்போது தரம் உயர்வதைச் சொல்கிறோம். இங்கே உயர்வது தரமல்ல, அளவு.

விஷயம் இதுதான். நிறமாலையியல் என்பது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்துப் பொருளை அறிவது. ஒரு பொருளின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் சிதறும் ஒளியில் மிகப் பெரும்பகுதி வந்த நிறத்திலேயே திரும்பும். ஏறத்தாழ கோடியில் ஒரு துணுக்குத்தான் அந்த மூலக்கூறின் அதிர்வுக்கு ஏற்ப நிறம் மாறி வரும். இது இராமன் சிதறல். திருச்சியில் பிறந்த சி. வி. இராமன் 1928இல் கண்டது. (இராவணன் வெட்டு இருக்கிற ஊரில் இராமன் சிதறலைப் பற்றி எழுதுகிறேன், கோணேசர் பொறுப்பாராக.) எந்தப் பொருள் என்று அந்த நிறமாற்றம் கைரேகை மாதிரிக் காட்டிக்கொடுக்கும். தண்ணீர் தானே பெரிதாக இராமன் ஒளி தராது, அதனால் தண்ணீருக்குள் தேட இது வசதி. ஆனால் ஒளி மிக மெலிந்தது. தண்ணீரில் துளியூண்டு பூச்சிநாசினி இருந்தால் தெரியாது. அதையே வெள்ளி அல்லது தங்க நனோத்துகளின் (கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகளின்) மேல் ஒட்டவைத்தால், துகளிலுள்ள இலத்திரன்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடி, துகள்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் மின்புலத்தைக் குவிக்கும். மெலிந்த சமிக்ஞை பத்து லட்சம் மடங்கும் அதற்கு மேலும்கூட எழும்பலாம்.

சரி, இதில் மேம்பட்டது எது? கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறோம். பாடுகிறவரின் குரல் அதனால் மேம்படுகிறதா? சுருதி விலகிப் பாடினால் அந்த விலகலும் சேர்ந்து கடற்கரை வரை கேட்கும். ஒலிபெருக்கி என்று பெயர் வைத்தவர் அதை ஒலிமேம்படுத்தி என்று சொல்லவில்லை, புண்ணியவான். இராமன் விஷயத்திலும் அப்படித்தான். துகள் ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் ஐதாகவும் படிந்தால் ஒரே மாதிரித் தண்ணீர் இரண்டு விதமாக அளவு காட்டும். இந்த முறையின் பெரிய தலையிடியே அதுதான். பெருகியது உண்மை, மேம்பட்டது என்று யார் சொன்னது?

இந்தக் குழப்பம் ஆய்வுகூடத்திலேயே தொடங்கியது. 1974இல் பிளைஷ்மன் குழுவினர் கரடுமுரடாக்கிய வெள்ளி மின்வாயில் பிரிடீன் என்ற சேர்வையின் இராமன் சமிக்ஞை ஓங்கி வருவதைக் கண்டார்கள். மேற்பரப்பு கூடியதால் கூடுதலான மூலக்கூறுகள் ஒட்டின, அதுதான் காரணம் என்று நினைத்தார்கள். 1977இல் வேறு இரண்டு குழுக்கள் கணக்குப் பார்த்து, அது போதாது, மூலக்கூறு ஒவ்வொன்றும் தரும் சமிக்ஞையே பெருகுகிறது என்று காட்டின.

இதனால்தான் ‘செறிவூட்டப்பட்ட’ என்று இப்போது சிலர் எழுதுவதைப் பார்க்க இன்னும் பயமாக இருக்கிறது. செறிவு என்றால் கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பது, சாதாரணதரப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் மாசைப் பற்றிய கட்டுரையில் ‘செறிவூட்டப்பட்ட’ என்று வந்தால், ஆய்வாளர் தண்ணீருக்குள் நஞ்சைக் கூட்டிவிட்டார் என்றல்லவா அர்த்தம் வரும். ‘விரியலாக்கப்பட்ட’ என்று, ‘அம்ப்ளிஃபைட்’ என்பதற்கான நம் பௌதிகப் புத்தகச் சொல்லைப் பிடித்துத் தொங்குகிறவர்களும் உண்டு. விரிவது வேறு, ஓங்குவது வேறு.

அப்புறம் அந்த ‘ப்பட்ட’. ‘நாய் கடிக்கப்பட்ட சிறுவன்’ என்று யாராவது சொல்வார்களா? நாய் கடித்த சிறுவன், பாம்பு தீண்டிய கால். அதே கட்டில் ‘நனோத்துகள் பெருக்கிய இராமன் சிதறல்’ என்று சொல்லிப் பாருங்கள், வாய் தடுக்குகிறதா? பெருக்கியது துகள், பெருகியது சிதறல், சந்தேகமே இல்லை. சென்னை நண்பர் ஒருவர், பெருக்குவது என்றால் வீடு பெருக்குவதல்லவா என்று சிரித்தார். இங்கே நாங்கள் வீட்டைக் கூட்டுகிறோம் ஐயா, பெருக்குவதில்லை. பத்து லட்சம் மடங்கு என்பதே ஒரு பெருக்கல்தானே.

‘இயற்கை மாசு’வைப் பற்றியும் ஒரு வார்த்தை. இயற்கை விவசாயத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ஓர்கானிக்’ என்ற அடைமொழியையே இங்கேயும் கண்டு யாரோ அப்படியே ஒட்டியிருக்கிறார். இரசாயனத்தில் அது காபன் சேர்வைகளைக் குறிக்கும், நம் பாடப்புத்தகத்தில் சேதனம். தைராம் என்ற பங்கசுநாசினி இதே முறையில் கண்டுபிடிக்கப்படுவது. தன்னிலுள்ள கந்தகத்தால் வெள்ளியை நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஆலையில் செய்து போத்தலில் அடைத்து வருவது இயற்கை மாசா? சேதன மாசு என்றும் எனக்கு மனம் வராது. 2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்ததிலிருந்து சேதனம் என்றால் வயல்காரருக்குச் சாணமும் கூட்டெருவும்தான். உயிருள்ளவற்றிலிருந்து மட்டுமே சேதனச் சேர்வைகள் வரும் என்ற எண்ணம் 1828இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் வோலர் யூரியாவை ஆய்வுகூடத்தில் செய்தபோதே ஆட்டம் கண்டுவிட்டது. காபன் மாசு என்றால் புகை நினைவுக்கு வரும், ஆகவே காபன் சேர்வை மாசு. நீளம்தான், பரவாயில்லை.

அறிவித்தல் ஒட்டியவர்களுக்குத் திருத்தத்தை எழுதிக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். கூட்டத்தன்று வாசலில் புதுப் பதாகை தொங்கியது: ‘நனோபொருள் மேம்படுத்தப்பட்டுப் பெருக்கப்பட்ட நிறமாலையியல்.’ ஐயா போத்தல் ஒன்றில் கிணற்றுத் தண்ணீரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.