தலைவருக்கு எத்தனை ஓட்டு?

பினாங்கு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில் எங்கள் கூட்டாளிகள் பந்தல் போடுவது வழக்கம். இந்த முறை பெரிய ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்கலாமா என்று ஓட்டெடுத்தோம். வேண்டும் என்று ஆறு கை, வேண்டாம் என்று ஆறு கை. முதல் ஆறில் ஏற்கெனவே இருந்த தலைவர், “சரி, இது என் முடிவு ஓட்டு” என்று மறுபடியும் கையைத் தூக்கிவிட்டார்.

“ஆளுக்கு ஒரு ஓட்டுதானே அண்ணே? உங்களுக்கு மட்டும் எப்படி ரெண்டு?” என்று ஒரு தம்பி கேட்டான். சண்டை மாமாக் கடை வரை போனது.

நம் மலேசிய நாடாளுமன்ற மேலவையான டேவான் நெகாராவில் இந்தப் பேச்சே எழாது. அங்கே 70 செனட்டர்கள். பினாங்கு உட்பட 13 மாநிலச் சட்டமன்றங்களும் தலா 2 பேரை அனுப்புகின்றன. மற்ற 44 பேரும் மாமன்னரின் நியமனம். 70 இரட்டைப்படை ஆயிற்றே, 35க்கு 35 என்று முட்டிக்கொள்ளாதா? முட்டாது. மேலவைத் தலைவரும் அந்த 70 பேரில் ஒருவர்தான். அவையை நடத்துகிறவர் மற்ற நேரத்தில் ஓட்டுப் போடக்கூடாது என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 62ஆவது விதி. அவரைக் கழித்தால் 69, ஒற்றைப்படை. யாராவது வராமல் போனாலோ, ஒதுங்கி நின்றாலோ, இடம் காலியாக இருந்தாலோதான் சமநிலை வரும். அப்போது தலைவர் ஓட்டுப் போட்டே ஆகவேண்டும். விருப்பம் இருந்தால் போடலாம் என்ற கதையே இல்லை. 2016 முதல் 2020 வரை அந்த நாற்காலியில் இருந்த எஸ்.ஏ. விக்னேஸ்வரனுக்கும் இதுதான் கட்டுப்பாடு. ஆக, தலைவர் பதவியைப் பிடிக்கிற கட்சி மற்ற நாளெல்லாம் ஓர் ஓட்டை இழந்துதான் உட்கார்ந்திருக்கிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

அமெரிக்காவில் செனட்டர்கள் 100 பேர். அவைக்குத் தலைமை துணை அதிபர். அவர் செனட்டர் இல்லை. கழிக்க ஆள் இல்லாததால் எல்லோரும் வந்திருந்தாலும் 50க்கு 50 விழலாம். 2021இல் கட்சிக் கணக்கே அப்படித்தான் அமைந்தது. சென்னையில் வேர் உள்ள அன்றைய துணை அதிபர் கமலா ஹாரிஸ் 33 முறை சமநிலையை உடைத்து, 19ஆம் நூற்றாண்டில் துணை அதிபராக இருந்த ஜான் கால்ஹூன் வைத்த 31ஐத் தாண்டினார். இந்திய மாநிலங்களவையிலும் அவைத் தலைவர் குடியரசுத் துணைத் தலைவர்தான். சமநிலை வந்தால் மட்டுமே அவருக்கு ஓட்டு.

ஆஸ்திரேலியா வேறு வழி. 76 செனட்டர்களில் ஒருவரான தலைவரும் மற்றவர்களைப் போல ஓர் ஓட்டுப் போடுவார், அவ்வளவுதான். சமமாக வந்தால் தீர்மானம் தோற்றது. மாற்றம் கேட்கிறவன்தான் ஆள் சேர்க்கவேண்டும் என்ற கணக்கு. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

சரி, எங்கள் பந்தலுக்கு வருவோம். டேவான் நெகாரா முறைப்படி தலைவரைக் கழித்தால் ஐந்துக்கு ஆறு, ஸ்பீக்கர் இல்லை. ஆஸ்திரேலிய முறைப்படி ஆறுக்கு ஆறு, அப்போதும் இல்லை. தே தாரேயை ஆற்றிக்கொண்டே தம்பியிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அட்வான்ஸ் குடுத்தாச்சுண்ணே” என்றான்.